காட்பாடி மாடி வீட்டு ஸ்பானிஷ் கிளாஸ், பிடிக்கும் பிடிக்காது பாடத்துக்காகவே போலாம்

ஆம்பூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கம் ஷூ கம்பெனில மெர்ச்சண்டைசிங் (பையர்கிட்ட பேசி சாம்பிள், ஆர்டர் பாக்குற வேலை) பாக்குறவங்களுக்காகத்தான் முக்கியமா இதை எழுதுறேன், நானும் அதே வேலைதான். ஸ்பெயின் பையர் வச்சிருக்குறவங்களுக்குத் தெரியும், எல்ச்சே, எல்தான்னு அலிகாந்தே பக்கம் இருக்குற ஊருங்கல்லாம் நம்ம ஆம்பூர் வாணியம்பாடி மாதிரி ஷூவிலேயே பொழைக்குற ஊருங்க. மெயில்ல நல்லா இங்கிலீஷ் எழுதுவாங்க, ஆனா வீடியோ கால்ல சாம்பிளைக் கையில எடுத்துட்டாங்கன்னா அவங்களுக்குள்ள ஸ்பானிஷ்லதான் பேசிக்குவாங்க, அந்தப் பேச்சுலதான் நமக்கு வேண்டிய விஷயம் மொத்தமும் இருக்கும். கலர் பிடிச்சிருக்கா, ஹீல் பிடிக்கலையா, போன சீசன் சோலே தேவலாம்னு நினைக்குறாங்களா, எல்லாம்.

அதுக்காகத்தான் இந்த கிளாஸ்ல சேர்ந்தேன். காட்பாடி காந்தி நகர்ல ஒரு வீட்டு மாடி, வெளிய போர்டு கூட கிடையாது, ஞாயித்துக்கிழமை காலைல மட்டும் நடக்குது, மாசம் 2500 ரூபா. சொல்லிக் கொடுக்குற மிஸ் நம்ம தமிழ்க்காரங்கதான், சென்னைல ரொம்ப வருஷம் ஸ்பானிஷ் எடுத்தவங்க. எங்க பேட்ச்ல விஐடி பசங்க இருந்தாங்க, வெளிநாடு போற பிளான்ல ரெண்டு நர்ஸ் அக்கா, சத்துவாச்சாரிலேர்ந்து ரிட்டயர் ஆன ஒரு சார், அப்புறம் எங்கள மாதிரி லெதர் ஆளுங்க.

வணக்கம், எப்படி இருக்கீங்க, நம்பர், கிழமை இதெல்லாம் எங்க படிச்சாலும் ஒண்ணுதான், அதைப் பத்தி சொல்ல ஒண்ணும் இல்ல. இந்த கிளாஸோட உயிர் எதுல இருக்குன்னா பிடிக்கும் பிடிக்காதுங்குற பாடத்துல. இதுக்கு முன்னாடி போன்ல ஒரு ஆப் பாத்துக்கினு இருந்தேன், அது எல்லாத்தையும் இங்கிலீஷ் வழியாத்தான் சொல்லும், நான் இதை விரும்புறேன்னு ஆரம்பிச்சு அதை ஸ்பானிஷ்ல தலைகீழா மாத்தச் சொல்லும், மண்டை காஞ்சிடும். மிஸ் முதல் நாளே சொன்னாங்க, இங்கிலீஷை வாசல்ல செருப்போட விட்டுட்டு வாங்க, எனக்கு காபி பிடிக்கும்னு வீட்ல எப்படி சொல்றீங்களோ அதையே சொல்லுங்க, மே குஸ்தா எல் கஃபே, மேன்னா எனக்கு, அவ்ளோதான்னு. உனக்குன்னா தே, எங்களுக்குன்னா நோஸ், அவங்களுக்குன்னா லெஸ். பிடிக்குற பொருள்தான் அங்க எழுவாய், யாருக்குப் பிடிக்குதோ அவங்க நம்ம தமிழ் மாதிரியே 'கு' போட்டு ஓரமா நிப்பாங்க. தலை வலிக்குதுக்கும் அதே கதைதான், மே துவேலே லா காபேசா. நர்ஸ் அக்காங்களுக்கு இது ரொம்பப் பிடிச்சுப் போச்சு, தலை, வயிறு, முட்டின்னு உடம்பு பூரா சொல்லிப் பாத்தாங்க.

இதோட விட்டிருந்தா இதை நல்ல கிளாஸ்னு மட்டும் சொல்லியிருப்பேன். தமிழ் எங்க கைகொடுக்காதுன்னும் அதே மிஸ் அடுத்த வாரம் எடுத்தாங்க பாருங்க, அதுக்குத்தான் நான் அஞ்சுக்கு அஞ்சு குடுக்குறேன். நமக்கு ஒரு ஷூ பிடிச்சாலும் பிடிக்கும்தான், பத்து ஜோடி பிடிச்சாலும் பிடிக்கும்தான், ஸ்பானிஷ்ல பொருள் ஒண்ணுக்கு மேல போச்சுன்னா குஸ்தா குஸ்தான் ஆகிடும், மே குஸ்தான் லோஸ் சபாத்தோஸ். பாடுறது ஆடுறதுன்னு செய்யுற காரியத்தச் சொன்னா மட்டும் எத்தனை சொன்னாலும் குஸ்தாவேதான். அப்புறம் அந்த எல், லா, லோஸ், லாஸ், அதை முழுங்கிட்டு வெறும் காபி பிடிக்கும்னு சொல்லக் கூடாது, தமிழ்ல அப்படி ஒண்ணு இல்லாததால வாய்க்கு வரவே வராது, மிஸ் ஒவ்வொரு தடவையும் நிறுத்தி மறுபடி சொல்ல வைப்பாங்க.

இதைவிடப் பெரிய பள்ளம் 'எனக்கு வேணும்'ங்குற வாக்கியம். தமிழ்ல பிடிக்கும், வேணும் ரெண்டுக்கும் எனக்குதான், ஆனா ஸ்பானிஷ்ல வேணும்னு சொல்ல 'நான்'தான் எழுவாய், கியேரோ. எனக்கு வேணும்னு நெனச்சு மே கியேரோன்னு சொன்னா நான் என்னையே நேசிக்குறேன்னு அர்த்தம் ஆகிடும். இது அதைவிட மேல்னு சொல்றதுலயும் இதே சிக்கல், ப்ரெஃபியேரோன்னு சொன்னா நான், மேவே சேரக் கூடாது, ப்ரெஃபியேரோ எல் தே அல் கஃபேன்னா காபியவிட டீதான் எனக்கு. அதையே குஸ்தா வச்சு சொல்லணும்னா மே குஸ்தா மாஸ் எல் தே கே எல் கஃபே, இதுல மே வரும். ரெண்டையும் மாத்தி மாத்தி ஒரு மணி நேரம் சொல்ல வச்சாங்க, அன்னிக்கு வீட்டுக்கு வந்து சாப்பாட்டுல உக்காந்தா கூட வாயில அதான் ஓடுச்சு.

பேச வைக்குற விதமும் நல்லா இருக்கு. புக்குல இருக்குற பீட்சா, ஆப்பிள் படத்தையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு அவங்களே ஷீட் அடிச்சிருக்காங்க, ஆம்பூர் பிரியாணி, ஆற்காடு மக்கன் பேடா, நம்ம முள்ளு கத்திரிக்கா (2023ல புவிசார் குறியீடு வாங்குச்சே அதேதான்), கோட்டைல சாயங்காலம் நடக்குறது, இப்படி. ஒரு விஐடி பையன் எனக்குக் கத்திரிக்கா சுத்தமா பிடிக்காது, நோ மே குஸ்தான் நாதா லாஸ் பெரென்ஹேனாஸ்னு சொல்லிட்டான், ரிட்டயர்டு சாருக்குத் தாங்கல, இன்னாப்பா, பிரியாணிக்குக் கத்திரிக்கா இல்லாம எப்பிடிப்பான்னு தமிழ்ல பாய்ஞ்சிட்டாரு, மிஸ் விடல, சார் ஸ்பானிஷ்ல சண்டை போடுங்கன்னாங்க. அவர் யோசிச்சு ஆ மீ சீ, எனக்குப் பிடிக்கும்யான்னு சொன்னாரு. எனக்குந்தான்னு ஒத்துப் போறதுக்கு அங்க ரெண்டு சொல் இருக்குன்னு அப்பதான் வந்துச்சு, பிடிக்கும்னு சொன்னவனோட சேந்தா ஆ மீ தம்பியென், பிடிக்காதுன்னு சொன்னவனோட சேந்தா ஆ மீ தம்போகோ. நமக்கு ரெண்டுக்குமே எனக்கும்தான். இது சார் கத்திரிக்காயோட எல்லாருக்கும் மனசுல நின்னுடுச்சு.

ரொம்பப் பிடிக்கும்னா மே என்காந்தா, அதுக்கு மேல ரொம்பன்னு தனியா சேக்கக் கூடாது, அந்த சொல்லுக்குள்ளயே ரொம்ப இருக்கு. ஆளுங்களைப் பத்திச் சொல்லும்போது ஜாக்கிரதைன்னும் சொன்னாங்க, பொண்ணு பாக்கப் போய்ட்டு வந்து பொண்ணு பிடிச்சிருக்கான்னு கேட்டா அதுல என்ன அர்த்தமோ அதுதான் ஒரு ஆளுக்கு குஸ்தா போட்டாலும் வரும், அதனால ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவங்கள நல்ல டைப்புன்னு சொல்ல மே காயே பியென்னு சொல்லணும். பையர்கிட்ட பேசுறவங்களுக்கு இது கட்டாயம் தெரிஞ்சிருக்கணும்.

மரியாதை விஷயத்துல நமக்கு ஒரு கஷ்டமும் இல்ல, உனக்கு தே, உங்களுக்கு லே. ஆனா அவனுக்கு, அவளுக்கு, உங்களுக்கு மூணுக்கும் ஒரே லேதான், யாருன்னு தெளிவா தெரிய முன்னாடி ஆ உஸ்தெத், ஆ எல், ஆ எய்யான்னு ஒண்ணு போட்டுக்கணும். பாக்க விரும்புறேன்னு பணிவா கேக்குறதுக்கு மே குஸ்தாரீயா. போன வாரம் கால்ல பையர்கிட்ட இந்த கறுப்பு பிடிச்சிருக்கா இல்ல பிரவுனைத்தான் எடுக்குறீங்களான்னு ஸ்பானிஷ்லயே கேட்டேன், அந்தம்மா சிரிச்சிட்டு மே குஸ்தா மாஸ் எல் மர்ரோன்னு சொன்னாங்க, அதுக்கப்புறம் மீதி சாம்பிளுக்கெல்லாம் நிறுத்தி நிதானமா ஸ்பானிஷ்லயே கருத்து சொன்னாங்க. எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

குறைன்னா இருக்கு, சொல்லணும். கேட்டுப் பழகுறது ரொம்பக் கம்மி, மிஸ் பேசுறது புரியுது, ஸ்பெயின்காரங்க வேகமா பேசுனா பாதி போயிடுது. உச்சரிப்பு லத்தீன் அமெரிக்கா பக்கம்தான் எடுக்குறாங்க, ஸ்பெயின்ல பெரும்பாலான இடத்துல சபாத்தோல அந்த ச நாக்கைப் பல்லுக்கு நடுவுல வச்சு வரும், அதைக் கிளாஸ்ல பழக்குறதே இல்ல. நண்பர் கூட்டத்துகிட்ட உங்களுக்குப் பிடிக்குமாடான்னு கேக்க ஸ்பெயின்ல ஓஸ் குஸ்தான்னு தனியா ஒண்ணு இருக்கு, அதுக்கு ஒரே ஒரு ஷீட்தான், நீங்களே படிச்சுக்கோங்கன்னுட்டாங்க. எங்க ஊர் ஆளுங்களுக்கு ஸ்பெயின் பையர்தான் ஜாஸ்தி, இதைக் கொஞ்சம் மாத்துனா நல்லாருக்கும்னு மிஸ்கிட்டயே சொல்லிட்டேன், அடுத்த பேட்ச்ல பாக்குறேன்னாங்க. தெலேங்குற ஸ்பானிஷ் சர்டிஃபிகேட் பரீட்சைக்குன்னு இங்க தயார் பண்றது இல்ல, அதை முதல்லயே நேரா சொல்லிடுறாங்க, அந்த நேர்மை எனக்குப் பிடிச்சிருந்துச்சு.

மாடி ஷீட் கூரை, ஏப்ரல் மே வேலூர் வெயிலைப் பத்தித் தனியா சொல்லணுமா, பத்தரைக்கு மேல உக்கார முடியாது, ஃபேன் ரெண்டுதான். தண்ணி பாட்டில் எடுத்துட்டுப் போங்க. தெரு குறுகல், கார்லாம் வேணாம், பைக்கைக் கூட வீட்டுக்காரங்க கேட்டை மறைக்காம விடணும்.

இலக்கணம் வேணாம், ஏர்போர்ட்ல சமாளிக்க நாலு வாக்கியம் போதும்னு நினைக்குறவங்க இங்க போகாதீங்க, பொறுமை போயிடும். வாரம் ஒரு நாள்தான் கிளாஸ், நடுவுல தினம் அரை மணி நேரமாவது சத்தம் போட்டு சொல்லிப் பாக்கணும், இல்லன்னா அடுத்த ஞாயிறு மிஸ் கேக்குறதுக்கு வாய் திறக்காது. சேர நினைக்குறவங்க பேட்ச் ஆரம்பிக்குறதுக்கு முன்னாடியே போய் சொல்லி வைங்க, பத்து பேருக்கு மேல எடுக்க மாட்டாங்க, நடுவுல சேத்துக்குறதும் இல்ல.