கான்கூனில் ஒரு நாள் டூர் வாங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

டாலஸில் இருக்கிறோம். அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார், அமெரிக்க விசா கையில் இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை என்பதால் அக்டோபர் கடைசியில் மூன்று பேரும் கான்கூனுக்குக் கிளம்பிவிட்டோம். ஹோட்டலுக்கு எதிரே, மருந்துக்கடை வாசலில் குடை போட்டு உட்கார்ந்திருந்த ஒருவரிடம் டூர் வாங்கினேன். மாயர் என்ற பழங்குடியினர் கட்டிய சிச்சென் இட்சா பிரமிடு, செனோட்டே என்ற இயற்கைக் கிணற்றில் குளியல், ஊரே மஞ்சள் பூசியிருக்கும் இசமால், சாயங்காலம் மெரிதா நகரில் செத்துப்போனவர்களுக்குப் படையல் வைக்கும் ஹனல் பிக்சான் திருவிழா, எல்லாம் ஒரே நாளில், ஆளுக்கு 45 டாலர். மேப்பைத் திறந்திருந்தாலே தெரிந்திருக்கும்: கான்கூனிலிருந்து சிச்சென் இட்சாவே சுமார் 200 கிலோமீட்டர், அங்கிருந்து மெரிதா இன்னும் 120, திரும்பி வர 300. நான் விலையை மட்டும்தான் பார்த்தேன்.

நவம்பர் 1 காலை பஸ் ஊரைத் தாண்டியதும் கைடு மைக்கைப் பிடித்து, நுழைவு வரியை ரொக்கமாக எடுத்து வையுங்கள் என்றார். "டிக்கெட் சேர்த்துதானே சொன்னார்கள்?" என்று கேட்டால், சேர்த்தது ஒரு டிக்கெட்தானாம். சிச்சென் இட்சாவில் இரண்டு சீட்டு என்பது உண்மை, ஒன்று மத்திய தொல்லியல் துறைக்கு, இன்னொன்று யுகட்டான் மாநில அரசுக்கு. ஏமாற்றே அந்த உண்மைக்குள்தான் ஒளிந்திருக்கிறது. அந்த ஒரு சீட்டுக்கென்று எங்களிடம் வாங்கிய தொகை, வாசல் பலகையில் போட்டிருந்த இரண்டு சீட்டின் மொத்த விலையைவிட அதிகம்.

அப்புறம் கடை. கான்கூனைவிட யுகட்டானில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் ஓடும், நமக்கு ஒரு மணி நேரம் லாபம் என்று கைடு சிரித்தார். அந்த லாபத்தையும் இன்னொரு மணி நேரத்தையும் அந்தக் கடையே தின்றது. கறுப்புக் கண்ணாடிக் கல் ஒன்றை வெயிலில் திருப்பினால் உள்ளே பொன்னிறம் மின்னும், அழகுதான். எங்கள் மண்ணில் விளைந்த அப்சிடியன் (எரிமலைக் கல்) என்றார் விற்றவர், அம்மா வாங்கிவிட்டார். யுகட்டான் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, எரிமலைக் கல் அங்கே கிடைக்காது, மாயர்களே அதை வெளியிலிருந்துதான் வரவழைத்தார்கள் என்று ராத்திரி படித்துத் தெரிந்துகொண்டேன். கார்டு மெஷின் டாலரா, மெக்சிகோ பணமான பெசோவா என்று கேட்டபோது கடைப் பையன் எங்களைக் கேட்காமல் டாலரை அழுத்தினான். அங்கே பெசோவுக்கும் அதே டாலர் குறிதான் போடுகிறார்கள், எந்தப் பணம் என்று கேட்காமல் கார்டை நீட்டாதீர்கள். பெசோவிலேயே கட்டுங்கள், மாற்று விகிதத்தை உங்கள் வங்கி பார்த்துக்கொள்ளும்.

பிரமிடுக்கு வந்தபோது உச்சி வெயில், தந்த நேரம் ஒன்றரை மணி. படியில் ஏற விடுவதில்லை, அது எல்லோருக்கும்தான். முன்னால் நின்று கை தட்டினால் பறவை கத்துவது போல எதிரொலி வருகிறது, அதை நாலு தரம் கேட்டோம். பந்தாட்டக் களத்தைத் தூரத்திலிருந்து பார்த்தோம். கிட்டத்தில் இருக்கும் வயதோலித் ஊரில் முந்தின ராத்திரி தங்கிவிட்டு 8 மணிக்கு வாசல் திறக்கும்போதே உள்ளே போகிறவர்கள் எங்களுக்கு முன்பே நிதானமாகப் பார்த்து முடித்திருப்பார்கள். அப்படித்தான் போக வேண்டும்.

டீசல் போட ஒரு கிராமத்தில் பஸ் நின்றது. பக்கத்து வீட்டுக் கொல்லையில் இரண்டு பேர் மண்வெட்டியால் குழியைத் திறந்துகொண்டிருந்தார்கள். ஆவி கிளம்பியது. உள்ளேயிருந்து கருகிய வாழையிலைப் பொட்டலங்கள் வந்தன, சோள மாவுக்குள் கோழி வைத்துப் புதைத்துச் சுடுகிற 'பிப்', செத்துப்போனவர்களுக்கு வைக்கிற சாப்பாடு. திறந்த கதவு வழியாக, பூ வேலைத் துணி விரித்த மேசையில் மெழுகுவர்த்தி, பச்சைச் சிலுவை, யாரோ ஒரு தாத்தாவின் போட்டோ. "நம்ம வீட்டுப் படையல் மாதிரியே இருக்குடா" என்றார் அம்மா. உள்ளே இருந்த பெண் அவரைப் பார்த்து வாங்க என்பது போலக் கையசைத்தார். கைடு கைதட்டி எங்களை பஸ்ஸில் ஏற்றினார். நேரமில்லையாம்!

இசமால் நிற்காமலே போய்விட்டது. மெரிதாவில் கூட்டம், பஸ் நுழையாது என்று சொல்லி நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றில் இறக்கினார்கள். முகத்தில் மண்டையோடு வரைந்த நாலு பேர் ஸ்பீக்கர் பாட்டுக்கு ஆடினார்கள், அதுதான் எங்களுக்கு வாய்த்த ஹனல் பிக்சான். தண்ணீர் பாட்டிலுக்குத் தனி பில்.

மறுநாள் காலை குடைக்கு அடியில் வேறு ஆள். ரசீதைக் காட்டினால் இது எங்களுடையது இல்லை என்கிறார். 'ப்ரொஃபெகோ' என்ற நுகர்வோர் அமைப்பில் புகார் கொடுக்கலாம் என்று ஹோட்டலில் சொன்னார்கள். யார்மேல் கொடுப்பது? ரசீதில் கம்பெனி பெயரே இல்லை, பேனாவால் '3 பேர், 135' என்று மட்டும் எழுதியிருந்தது.

அம்மாவுக்கு அந்தப் பணம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தம்மா கூப்பிட்டபோதே போயிருக்கலாம் என்று விமானத்தில் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.