அமெரிக்கத் தங்க நாணயங்கள்: நான்கா, பன்னிரண்டா?

வகைக்கு ஒன்றாகப் பழைய அமெரிக்கத் தங்கக் காசு சேர்க்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, 1907-1933 காலத்து வடிவங்கள் மட்டும்: இரண்டரை, 5, 10, 20 டாலர். நான்கே காசு, 1.8 டிராய் அவுன்ஸுக்குச் (ஒரு டிராய் அவுன்ஸ் சுமார் 31.1 கிராம்) சற்றே கூடுதலான தங்கம். இரண்டரையிலும் ஐந்திலும் சிற்பி பெலா லயன் பிராட் வடித்த இந்தியர் தலை பரப்புக்குக் கீழே குழிந்திருக்கும், அவ்வளவு அழகு! தேய்மானம் சட்டெனத் தெரியாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துக் கன்ன எலும்பைக் கவனியுங்கள்.

இரண்டாவது வழியில் அந்த நான்கோடு, அவற்றுக்கு முந்தைய லிபர்ட்டி தலைகள் (சுதந்திர தேவியின் தலை பொறித்த இரண்டரை, 5, 10, 20 டாலர்), 1 டாலரின் மூன்று வகைகள், 3 டாலர் எல்லாம் சேர்ந்து பன்னிரண்டு. இதில் கையைக் கடிப்பது 1854-56இல் வந்த இரண்டாம் வகை 1 டாலர். 15 மி.மீ. பொடிக்காசு, பலவற்றில் ஆண்டு எண்ணே மங்கலாக விழுந்திருக்கும். 3 டாலரும் மலிவில்லை.

என் ஓட்டு நான்குக்கே. மிச்சப் பணத்தில் சிற்பி செயின்ட்-காடன்ஸ் வடித்த 20 டாலர் காசை இன்னும் நல்ல தரத்தில் வாங்கலாம்.