எரு என்றவளும் ‘அவர்’ என்றவளும்

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று எங்கள் தருமபுரிப் பக்கம் சொல்வார்கள். அந்த வாயை எதிர்கொள்ளத் தமிழில் இரண்டு பெண்கள் இரண்டு வழிகளைக் காட்டியிருக்கிறார்கள். ஒருத்தி திருக்குறளின் ‘அலர் அறிவுறுத்தல்’ அதிகாரத்துத் தலைவி; அலர் என்றால் காதலைப் பற்றிய ஊர்ப்பேச்சு. மற்றொருத்தி குறுந்தொகை 23ஆம் பாட்டில் ஔவையார் படைத்த தோழி. ஔவையார் இன்றைய தருமபுரியான தகடூரை ஆண்ட அதியமானின் நட்பைப் பெற்றவர் என்பதால், அந்தத் தோழியை எங்கள் ஊர்ப் பெண்ணாகவே எண்ணிப் பழகியவன் நான்.

ஊரார் பேச்சு எருவாகவும் அன்னையின் கடுஞ்சொல் நீராகவும் அமைய, தன் காதல் நோய் வளர்கிறது என்று 1147ஆம் குறளில் தலைவி சொல்கிறாள். கேழ்வரகுக் கொல்லைக்குக் குப்பை அடித்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: பச்சைச் சாணத்தைப் போட்டால் பயிர் கருகும், குழியில் மாதக்கணக்கில் கிடந்து, நாற்றம் அடங்கி, மண்போல் உதிர்ந்த பிறகே அது உரமாகும். பழிச்சொல்லை அவ்வாறு மக்கவைக்கும் நெஞ்சுரம் அவளிடம் இருக்கிறது; அதை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அத்தனை எருவையும் நீரையும் உண்டு வளர்வது எது என்று பார்த்தால், அவள் வாயாலேயே அது ‘நோய்’தான்.

தோழியின் பாட்டில் அலர் என்ற சொல்லே இல்லை. மகள் மெலிந்த காரணத்தை அறியத் தாய் அழைத்த குறிகாரியான கட்டுவிச்சி, சங்குமணிக் கோவை போன்ற நரைத்த கூந்தலோடு அமர்ந்து மலைகளைப் பாடிக் குறி பார்க்கிறாள். அவளை ‘அகவன் மகளே’ என்று மும்முறை அழைக்கும் தோழி, ‘அவர் நன்னெடுங் குன்றம் பாடிய பாட்டை’ இன்னும் பாடச் சொல்கிறாள். 5 அடிகளில் தலைவனின் பெயரும் இல்லை, களவுக் காதலைப் பற்றிய பேச்சும் இல்லை. ‘அவர்’ என்ற ஒரு சொல்தான் இருக்கிறது. கணவன் பெயரைச் சொல்லாத எங்கள் ஊர்ப் பெண்கள் ‘அவரு’ என்று சொல்லும்போது அதில் எவ்வளவு உரிமை தொனிக்கும் என்பதை அறிந்தவர்களுக்கு, அந்தச் சொல்லிலேயே பாதித் திருமணம் முடிந்துவிட்டது தெரியும். ஊர்ப்பேச்சு திரிந்து வீட்டுக்குள் நுழையும் முன்பே, தாய் தானாகக் கேட்டறியும்படி உண்மையை அவள் காதருகே வைத்துவிடும் அறிவு அது. தலைவியின் உறுதி அவளைத் தாங்குகிறது. தோழியின் சொல் தன் தலைவிக்கு வழி திறக்கிறது. அதனால் தோழியே எனக்கு ஒருபடி மேல்.

ஓசூர் கம்பெனிக்கு இரவு ஷிப்ட் போய்வந்த என் மாமன் மகளைப் பற்றி ஊர் ஒரு வருடம் பேசியது. அவள் குறளின் தலைவியைப் போல அதைத் தாங்கிக்கொண்டாள்; வாய் திறக்கவில்லை. மாசி மாதம், பெண்கள் வட்டமாக உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தபோது, என் சித்தி தலைநிமிராமல் அவளிடம் கேட்டார்: “ஏம்மா, அவரு ஊருக்குப் பாலக்கோட்டுல எறங்கணுமா, மாரண்டஹள்ளியில எறங்கணுமா?”

அவள் தாயான என் அத்தையின் கையில் இருந்த சுத்தி அப்படியே நின்றது. “யாரு ஊருக்கு?” என்று கேட்டார்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது.