வேதி ஆயுதத் தடையும் உயிரி ஆயுதத் தடையும்

இரண்டும் பேரழிவு ஆயுதங்களைத் தடுக்கும் ஒப்பந்தங்கள்தான். ஒன்றுக்குப் பல் உண்டு, மற்றதற்கு வாய் மட்டும்தான்.

உயிரி ஆயுத ஒப்பந்தம் மூத்தது. 1975இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் யார் சொல்வது நிஜம் என்று போய்ப் பார்க்க அதில் ஆளே இல்லை. அதை முன்னின்று கொண்டுவந்த நாடுகளில் ஒன்றான சோவியத் யூனியன், கையெழுத்திட்ட பிறகும் ரகசியமாக ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய நோய்க் கிருமியைத் தயாரித்தது. 1979இல் அந்நாட்டின் ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகரில் இருந்த ராணுவக் கூடத்திலிருந்து அது காற்றில் கசிந்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கெட்டுப்போன இறைச்சிதான் காரணம் என்றது அரசு. 1992 வரை அந்தக் கதையே ஓடியது. ஒப்பந்தத்தில் நேரில் போய்ச் சரிபார்க்கும் முறையைச் சேர்க்கலாம் என்ற பேச்சும் 2001இல் அமெரிக்கா மறுத்ததோடு நின்றது.

1997இல் நடைமுறைக்கு வந்த வேதி ஆயுத ஒப்பந்தத்துக்கு ஹேக் நகரில் தனி அமைப்பே இருக்கிறது. ஆய்வாளர்கள் கிடங்குக்குள் போய் எண்ணுவார்கள், முத்திரை வைப்பார்கள். சந்தேகமான மண் மாதிரியைப் பிரித்து, குறைந்தது இரண்டு ஆய்வகங்களுக்குத் தனித்தனியாக அனுப்புவார்கள். இந்தியா தன் கையிருப்பை 2009இல் அழித்து முடித்தது, அமெரிக்கா 2023இல். சிரியா கையிருப்பை மறைத்து ஏமாற்றியது, சரி, ஆனால் மாட்டிக்கொண்டது.

என் ஓட்டு வேதி ஆயுத ஒப்பந்தத்துக்கே. ஆனாலும் உயிரியல் தரப்பின் சிக்கல் நிஜமானது: தடுப்பூசி தயாரிக்கும் கலனும் கிருமி வளர்க்கும் கலனும் பார்க்க ஒரே மாதிரிதான். அப்புறம், ஒரு சின்னக் குப்பி மிஞ்சினாலே மறுபடி வளர்த்துவிடலாம்.