ரெண்டாம் வகுப்புக்கு வாங்கின பாட்டு சார்ட் செட் எப்படி இருக்கு?

அரசு தொடக்கப்பள்ளில ரெண்டாம் வகுப்பு எடுக்குறேன். எங்க பசங்க எழுத்துக்கூட்டி படிச்சிடுவாங்க, ஆனா வரி முடியறதுக்குள்ள ஆரம்பத்துல என்ன படிச்சோம்னே மறந்துடுது, அந்தத் திக்கல் போகணும்னுதான் இந்த செட்ட வாங்கினேன். 12 பாட்டு, பெரிய சார்ட்ல அச்சடிச்சது, கூட ஒரு பென்டிரைவ்ல ஆடியோ, விலை 850 ரூபா.

மொதல்ல சார்ட். ரொம்ப நல்லா பண்ணிருக்காங்க. கடைசி வரிசைக்கும் எழுத்து தெரியுது, வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி தாராளமா விட்டிருக்காங்க, இந்த இடைவெளி ரொம்ப முக்கியம். பாடிக்கிட்டே விரல் வெச்சு படின்னு சொன்னா நெறைய பசங்க தாளத்துக்குத் தாளம் விரல நகர்த்துவாங்க, "மரத்துமேல"ங்கற ஒரே வார்த்தைக்குள்ளயே விரல் அடுத்த ரெண்டு வார்த்தையத் தாண்டிடும், வாய் மட்டும் பிசகாம பாடிட்டிருக்கும். அது மனப்பாடம், வாசிப்பு இல்ல. இந்த சார்ட்ல பாட்டு முடியறதுக்கு முன்னாடியே விரல் வரிக்கடைசிக்குப் போயிடுச்சுன்னு அவங்களுக்கே தெரிஞ்சுடுது, நான் சொல்லாமலே திரும்ப மொதல்லேர்ந்து வைக்கிறாங்க.

ஒரே பத்திய திரும்பத் திரும்ப வாசிக்க வெச்சா வேகமும் சரளமும் கூடும்னு வாசிப்பு ஆய்வாளர் சாமுவேல்ஸ் 1979லயே எழுதிட்டார். ஆனா ஒரு பாடத்த நாலாவது தடவ படின்னா எந்தக் கொழந்த படிக்கும்? பாட்டுன்னா அவங்களே "இன்னொரு வாட்டி டீச்சர்"ங்கறாங்க. எழுத்தறிவுக்காக வேலை செய்யுற பிரிஜ் கோத்தாரி டிவில சினிமா பாட்டுக்குக் கீழ அதே மொழியில வரிய ஓடவிட்டு, பாடுற வார்த்தை மட்டும் நிறம் மாற்ற மாதிரி செஞ்சதும் இதுக்குத்தான், கண்ணும் காதும் ஒரே வார்த்தைல நிக்கணும்.

இந்த செட்டு கோட்டை விட்ட எடம் ஆடியோ. வேகம் ரொம்ப அதிகம், விரல் கூடவே ஓட முடியல, மெதுவா பாடின ஒரு பதிவாவது கூட வெச்சிருக்கணும். அதவிட எனக்குக் கோவம் வந்தது, மெட்டுக்காகக் குறில நெடிலா இழுத்துப் பாடிருக்கறது. அச்சுல "கல்லு", காதுல "காலு"! குறில் நெடில் இப்பதான் பிடிபடுற பசங்க இவங்க, கேட்ட மாதிரியே காலுன்னு படிச்சிட்டு, துணைக்கால் எங்கன்னு சார்ட்ல தேடுறாங்க. அந்த மாதிரி ரெண்டு பாட்டுக்கு ஆடியோ போடறதே இல்ல, நானே மெதுவா பாடி குச்சிய வார்த்தைக்கு வார்த்தை வைக்கிறேன், அதுதான் நல்லா வேலை செய்யுது.

பாட்டு வாயில வந்தப்புறம் வரிகள பேப்பர் பட்டைல எழுதி, கலைச்சுப் போட்டு அடுக்கச் சொல்லுங்க, மெட்டு இல்லாம நடுவுலேர்ந்து ஒரு வரிய எடுத்துக் காட்டிப் படிக்கச் சொல்லுங்க. யார் வாசிக்கிறா, யார் ஒப்பிக்கிறான்னு அப்பதான் தெரியும். செட்டுக்குள்ள பட்டை எதுவும் இல்ல, நாமதான் வெட்டிக்கணும்.

எண்ணும் எழுத்தும்ங்கற தமிழக அரசுத் திட்டத்துல பசங்கள அரும்பு, மொட்டு, மலர்னு கத்துக்கிட்ட அளவ வெச்சு மூணு நிலையா பிரிப்பாங்க, அதுல நடுவுல இருக்கற மொட்டு நிலை பசங்களுக்குத்தான் இதுல பலன் அதிகம். அரும்புல எழுத்தே இன்னும் சரியா தெரியாதவங்க வெறுமன பாடிட்டுப் போயிடுறாங்க, அவங்களுக்காக வாங்க வேணாம். சார்ட்டுக்காக தாராளமா வாங்கலாம், கடைல ஆடியோ இல்லாம சார்ட் மட்டும் தருவாங்களான்னு கேட்டுப் பாருங்க.