திறந்த டயோடு லேசரா, மூடிய கார்பன் டை ஆக்சைடு லேசரா?

பொருள்களை வெட்டவும் செதுக்கவும் வீட்டுக்கு லேசர் இயந்திரம் தேடும்போது, விலை குறைவு என்பதால் பலரும் முதலில் வாங்குவது மூடியில்லாத டயோடு லேசர். அதன் நீல ஒளி, சுமார் 450 நானோமீட்டர் அலைநீளம், விழித்திரை வரை போய்ச் சுட்டுவிடும். பளபளப்பான உலோகத்தில் பட்டுத் தெறித்தாலும் ஆபத்துதான். அந்த அலைநீளத்துக்கென்றே செய்த பாதுகாப்புக் கண்ணாடி, இயக்குபவருக்கு மட்டுமல்ல, அறையில் இருக்கும் எல்லோருக்கும் வேண்டும். குழந்தைகள் ஓடியாடும் வீட்டுக்கு இது வேண்டவே வேண்டாம் என்பேன்.

கார்பன் டை ஆக்சைடு லேசரின் கதிர் 10,600 நானோமீட்டர். அதைச் சாதாரண அக்ரிலிக் மூடியே தடுத்துவிடும். மூடியைத் திறந்ததும் கதிர் நிற்கும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் ஓடுகிறது, அங்கே கைவைக்காதீர்கள்.

அப்புறம் புகை. அதில் இரண்டும் ஒன்றுதான். பிவிசி பிளாஸ்டிக்கைச் சுட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலையும் அரிக்கும், இயந்திரத்தையும் அரிக்கும். வெளியேற்றும் குழாய் ஜன்னலுக்கு வெளியே போகட்டும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.