பெயர் வெட்டிய பாத்திரமும் ஆறு வருஷக் கணக்கு நோட்டும்

பழைய பாத்திரம் வாங்கி ஆன்லைனில் விற்கிறேன் என்று சொன்னால் பாளையங்கோட்டையில் பாதிப் பேர் என்னைப் பழைய இரும்புக்கடைக்காரியாகப் பார்ப்பார்கள். மீதிப் பேர், நாலு பித்தளையை நாற்பதாயிரத்துக்குத் தள்ளிவிடுகிற கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு, "எனக்கும் சொல்லிக் குடேன்" என்பார்கள். அந்த இரண்டாவது கூட்டத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆறு வருஷமாகப் பண்ணுகிறேன். காசு வரும். எவ்வளவு, எப்படி, எதில் கை சுடும் என்பதைச் சொல்கிறேன்.

ஆரம்பம் எங்கள் வீட்டிலிருந்துதான். 2019இல் வீரவநல்லூரில் அம்மா வீட்டை இடித்துக் கட்டினார்கள். அரங்கு வீட்டிலிருந்து, அதாவது சாமான் வைக்கும் உள்ளறையிலிருந்து, எடுத்தவற்றைப் பட்டாசல் என்கிற முன்கூடத்தில் பரப்பினால் கால் வைக்க இடமில்லை. எல்லாவற்றையும் எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கிவிடலாம் என்றான் அண்ணன். நான் ஒரு வெற்றிலைப் பெட்டியையும் கூஜாவையும் மட்டும் தனியே எடுத்து, போனில் படம் பிடித்துப் போட்டேன். இரண்டே நாளில் பெங்களூர்க்காரர் ஒருவர் 2,200 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டார். எடைக்குப் போட்டிருந்தால் 500 தேறியிருக்காது. ஆசை பிடித்துக்கொண்டது.

நம் பக்கத்தில் சரக்குக்குப் பஞ்சமே இல்லை. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று ஆற்றங்கரை நெடுக எத்தனை வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன! பிள்ளைகளெல்லாம் சென்னையிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலுக்கு வரும்போதுதான் அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோரும் ஒன்றாகச் சேர்கிறார்கள். வீட்டை என்ன செய்வது என்ற பேச்சு அப்போதுதான் எழும். அதனால் உத்திரம் முடிந்த மறு வாரம் எனக்குப் போன் வந்துகொண்டே இருக்கும். அடுத்தபடி அம்மன் கோவில் கொடைத் திருவிழா சமயம். கையில் பணம் வைத்திருக்க வேண்டிய மாதங்கள் இவைதான். புரட்டாசி, ஐப்பசியில் பணத்தோடு அலைந்தாலும் சரக்கு வராது, விற்பனைதான் நடக்கும்.

மேலப்பாளையம், கடையநல்லூர் பக்கம் போனால் சரக்கே வேறு. வளைகுடாவிலிருந்து வந்த டூ இன் ஒன் கேசட் செட்டுகள், பிளாஸ்டிக் உறை பிரிக்காத பூப்போட்ட பிளாஸ்குகள், பீங்கான். கொழும்பில் கடை வைத்திருந்த குடும்பங்களில் எனாமல் அடுக்கு கேரியர் கிடைக்கும். ஓரம் கொஞ்சம் உதிர்ந்திருந்தாலும் அதற்கு வரும் கிராக்கியை முதலில் என்னால் நம்பவே முடியவில்லை.

பார்த்து வாங்கக் கற்றுக்கொடுத்தது டவுன் ரத வீதியில் ஒரு பாத்திரக்கடை அண்ணாச்சி. வெண்கலம் என்றால் செம்பு நாலு பங்கு, வெள்ளீயம் ஒரு பங்குக்குச் சற்றுக் கூட. சுண்டினால் ணங்கென்று நின்று ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தாலும் சத்தம் 'டப்'பென்று செத்துவிடும். அதனால் சுண்டாமல் வெண்கலம் வாங்கக் கூடாது. பையில் எப்போதும் ஒரு காந்தம் இருக்க வேண்டும். பித்தளை முலாம் பூசிய இரும்பு அதில் மாட்டிக்கொள்ளும். குத்துவிளக்கைத் திருகிக் கழற்றிப் பார்க்க வேண்டும், தண்டு ஒன்றும் பாதம் வேறொன்றுமாக இருக்கும். ஈயச் சொம்பு மட்டும் நான் தொடுவதில்லை. வெள்ளீயமா, விஷமான காரீயமா என்று காகிதத்தில் தேய்த்துப் பார்க்கலாம், காரீயம் பென்சில் மாதிரி கோடு போடும். ஆனால் இரண்டையும் கலந்து செய்திருந்தால் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியாது. யாரோ ஒருவர் வீட்டில் அதில் ரசம் வைக்கப்போகிறார்கள். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

சமைக்கலாமா என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. வெண்கலத்தில் தாராளமாகப் பொங்கல் வைக்கலாம். பித்தளைக்கு உள்ளே வெள்ளீயம் பூசியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் புளி பட்டதும் கைத்துப்போகும். இந்த இரண்டு வரியை ஒவ்வொரு விற்பனைக்கும் தட்டச்சு செய்து செய்து அலுத்துப்போய், இப்போது சீட்டாக அடித்துப் பெட்டிக்குள்ளேயே போட்டுவிடுகிறேன்.

என் பெரிய தப்பு பாலிஷ். முதல் வருஷம் எல்லாவற்றையும் பட்டறைக்குக் கொடுத்து மெஷினில் போட்டுத் தங்கம் மாதிரி மின்ன வைத்தேன். படத்தில் அழகாகத்தான் இருந்தது. ஆனால் புதுப் பாத்திரம் மாதிரியே இருந்தது. புதுசு வேண்டும் என்பவர் கடைக்கே போய்விடுவாரே! அதைவிட மோசம், பாத்திரத்தில் வெட்டியிருந்த பெயர்கள் எல்லாம் மழுங்கிப்போயின. சீர் கொடுக்கும்போது உளியால் புள்ளி புள்ளியாக வெட்டுவார்களே, தலைப்பெழுத்தும் வருஷமும், அதுதான். அதைத் தேய்த்தால் சுத்தமாகிவிடும் என்று நானே சொல்லித்தான் தேய்க்க வைத்தேன். பிறகு ஒரு கோயம்புத்தூர்ப் பெண் கேட்டார், "இதுல பேர் இருந்த மாதிரி ஒரு பள்ளம் தெரியுதே, ஏன் அழிச்சீங்க? பேரோட இருந்தா இன்னும் 500 தந்திருப்பேன்." அன்றோடு மெஷினை விட்டேன். இப்போது புளி, எலுமிச்சை, சாம்பல், நாரை வைத்துக் களிம்பை மட்டும் எடுப்பேன். பழுப்பு அப்படியே இருக்கும்.

சரி, கணக்குக்கு வருவோம். போன வருஷம் வாங்கிய ஒரு வெண்கல உருளியை எடுத்துக்கொள்கிறேன். 4.2 கிலோ, கிலோ 800 ரூபாய் வீதம் 3,360. கடை விலையைவிட 100 ரூபாய் கூட்டித்தான் வீடுகளில் எடுப்பேன், இல்லையென்றால் அடுத்த தடவை கூப்பிட மாட்டார்கள். பெட்ரோல் 140. அட்டைப்பெட்டி, டேப், சாமான் தேய்த்த செலவு 180. கூரியர் 610. ஆக 4,290. விற்ற விலை கூரியரோடு சேர்த்து 6,800. வரியும் போகக் கையில் நின்றது 2,140 ரூபாய் சொச்சம். நன்றாக இருக்கிறதல்லவா? இதற்குப் போய் வந்தது, தேய்த்தது, வெயில் இறங்கின பிறகு தட்டட்டியில் (மொட்டைமாடியில்) வைத்துப் படம் எடுத்தது, பதினோரு பேருக்குப் பதில் எழுதியது, கட்டியது, எல்லாம் சேர்த்து எட்டு மணி நேரம். மணிக்கு 270 ரூபாய்கூட வரவில்லை. அதே வீட்டில் அதே நாளில் வாங்கிய ஒரு குத்துவிளக்கு பதினாறு மாதம் என்னுடனேயே குடியிருந்தது.

மாதச் சராசரி பதினோராயிரம், பன்னிரண்டாயிரம் தேறுகிறது. தையில் புதுமனை புகுவிழாக்களும் ஐப்பசியில் தீபாவளியும் வந்தால் முப்பதைத் தொடும். ஆனியில் ஒன்றுமே இல்லாத மாதங்களும் உண்டு. வீட்டில் இன்னொரு சம்பளம் இருப்பதால் எனக்கு இது கட்டுப்படியாகிறது. வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா என்று கேட்பவர்களிடம் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

எங்கே விற்பது? ஈபே இந்தியத் தளத்தை 2018இலேயே மூடிவிட்டார்கள், நான் வருவதற்கு முன்பே. என் விற்பனையில் முக்கால்வாசி இன்ஸ்டாகிராமில்தான். வெளிநாட்டுக்கு எட்ஸி என்கிற விற்பனைத் தளம். அங்கே 'விண்டேஜ்' என்று போட வேண்டுமானால் பொருளுக்குக் குறைந்தது 20 வயது ஆகியிருக்க வேண்டும். ஒரு பொருளைப் பட்டியலில் நாலு மாதம் வைக்க 20 சென்ட், விற்றால் விலையிலும் அனுப்பும் செலவிலும் 6.5 சதவீதம், பணம் கைக்கு வரும் கட்டணம் தனி. அமெரிக்கத் தமிழர்கள் நல்ல விலை கொடுத்தார்கள். 800 டாலர் வரை சுங்கமில்லாமல் போய்க்கொண்டிருந்த சலுகையை 2025 ஆகஸ்டில் அந்த நாடு நிறுத்தியதும் என் அமெரிக்க விற்பனை படுத்துவிட்டது. பாத்திரம் கனம், தபால் செலவே பாத்திர விலைக்கு வரும். அதோடு சுங்கமும் என்றால் யார் வாங்குவார்?

உள்ளூர் விளம்பரத் தளங்களில் சின்னச் சாமான் மட்டும் போடுவேன். ஒருமுறை ரேடியோ ஒன்றைப் போட்டேன். பத்து நிமிஷத்தில் போன். "ராணுவத்துல இருக்கேன் மேடம், விலை பேசவே வேண்டாம், ஒரு க்யூ.ஆர். அனுப்புறேன், ஸ்கேன் பண்ணுங்க, பணம் வந்துரும்." பணம் வாங்குவதற்கு எதையும் ஸ்கேன் பண்ணவோ பின் நம்பர் அடிக்கவோ வேண்டியதில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது. 4,000 ரூபாய் போனது. வாங்குகிற பக்கமும் ஏமாந்திருக்கிறேன். எச்.எம்.டி. ஜனதா கடிகாரம் என்று ஒருவரிடம் வாங்கினால், உள்ளே இயந்திரம் பழசுதான், முகப்பு மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்தது. எழுத்து தடிமனாக இருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். தெரியாத சரக்கில் கை வைக்கக் கூடாது என்று கடிகாரத்தை அத்தோடு விட்டேன்.

ரேடியோவையும் 2023 டிசம்பர் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. அப்போது சிந்துபூந்துறையில் தரைத்தள அறை ஒன்றை வாடகைக்கு எடுத்துச் சாமான்களை வைத்திருந்தேன். 17, 18ஆம் தேதி வெள்ளம் நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாமிரபரணி அறைக்குள் வந்து போனபின் திறந்தால், பித்தளையும் வெண்கலமும் சேற்றுக்குள் பத்திரமாக இருந்தன, கழுவினால் போதும். மூன்று வால்வு ரேடியோக்களின் மரப்பெட்டி மட்டும் ஒட்டுப் பிரிந்து அப்பளமாக எழும்பி நின்றது. அதில் ஒன்றுக்கு அந்தக் காலத்துத் தபால் நிலைய லைசென்ஸ் புத்தகம் முத்திரையோடு இருந்தது. அது ரேடியோவைவிட விலை போயிருக்கும். கூழாகிவிட்டது.

கல்சட்டி அனுப்பினால் பாதி உடையும். கூரியர் ஆட்கள் கையில் அது வெண்கலக் கடையில் யானை புகுந்த கதைதான். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பெட்டி வைத்து, நடுவில் வாழைச்சருகைத் திணிக்கிறேன். நம் ஊரில் அது சும்மா கிடைக்கும், தெர்மாகோலைவிட நன்றாகத் தாங்கும். உள்நாட்டுக்கு மட்டும்தான். வைக்கோல், சருகு வைத்துக் கட்டிய பெட்டி வெளிநாட்டுச் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும்.

சட்ட விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது தாண்டிய கலைப்பொருளோ கைவினைப் பொருளோ தொல்பொருள். அதை வியாபாரமாக விற்க லைசென்ஸ் வேண்டும், தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. ஆன்லைனில் பாருங்கள், "150 வருஷப் பழசு" என்று பெருமையாகப் போட்டு டாலரில் விலை வைத்திருப்பார்கள். பாதிக்கு மேல் நாற்பது வருஷத்துச் சாமான்தான். இல்லாத வயதைச் சொல்லித் தன் மேல் தானே வழக்குப் போட்டுக்கொள்கிற மாதிரி! சாமி விக்கிரகம் என்றால் வயதே கேட்காமல் கும்பிடு போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவேன். கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோவிலில் 1982இல் திருட்டுப் போன நடராஜர், ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு கலைக்கூடத்திலிருந்து 2019இல்தான் ஊர் திரும்பினார். எங்கள் வீட்டுப் பூஜையறையில் இருந்தது என்று எவ்வளவு சத்தியம் பண்ணினாலும் நான் எப்படி நம்புவது? தந்தமும் மான்கொம்பும் அதே மாதிரிதான், வனத்துறை வந்து நிற்கும்.

ஜி.எஸ்.டி. பதிவும் எடுத்திருக்கிறேன், வெளி மாநிலத்துக்கு விற்றால் வேண்டும். பழைய சாமான் வியாபாரிக்கு ஒரு நல்லது உண்டு: வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டும் முறை. உள்ளீட்டு வரியை, அதாவது வாங்கும்போது கட்டிய வரியை, கழித்துத் தரக் கேட்கக் கூடாது, அவ்வளவுதான். அதற்காகவே ஒவ்வொரு கொள்முதலுக்கும் சீட்டு எழுதி, விற்றவரிடம் கையெழுத்து வாங்குகிறேன்.

அந்தக் கையெழுத்தில்தான் எனக்கு இன்னும் தீராத சங்கடம். வாங்குகிறவருக்குப் பெயர் வேண்டும், ஊர் வேண்டும், யார் வீட்டுச் சீர் என்ற கதை வேண்டும். அதற்குத்தான் கூடுதல் காசு கொடுக்கிறார். விற்கிறவருக்கோ அதுதான் வெளியே தெரியக் கூடாது. அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் ஆச்சி, எண்பது வயதிருக்கும், செம்புத் தவலை ஒன்றை எடுத்து வைத்தார். கழுத்தடியில் அவர் அப்பாவின் தலைப்பெழுத்து, 1961. நான் எடை போட்டு 1,900 ரூபாய் எண்ணிக் கொடுத்தேன். சீட்டில் கையெழுத்துப் போடுமுன் கேட்டார்.

"எம்மா, இதை யாருக்கு விப்ப?"

"வெளியூர்க்காரங்க யாராவது வாங்குவாங்க ஆச்சி."

"விக்கதுன்னா வித்துக்கோ. பேரை மட்டும் அழிச்சிட்டு வித்துரு, என்னா? எங்க அப்பா பேரு போட்ட தவலை சந்தைக்கு வந்துட்டுன்னு ஒரு சொல் வரப்பிடாது."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். பெயர் இருக்கும் தவலைகளை இப்போது அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துத்தான் படம் எடுக்கிறேன், ஊரும் சொல்வதில்லை. அதனால் ஐந்நூறு, அறுநூறு குறைகிறது. ஆனால் ஆச்சியிடம் அழிப்பதாகச் சொல்லியாயிற்று. பட்டறைக்கு இரண்டு தடவை எடுத்துப் போய், இரண்டு தடவையும் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். நோட்டில் கையிருப்புப் பக்கத்தில் இன்றைக்கும் 'செம்புத் தவலை 1, ரூ.1,900' என்று இருக்கிறது. தவலை அடுக்களையில் இருக்கிறது, குடிதண்ணீர் அதில்தான்.